பிரான்ஸ் ஜோசப் நிலத்துக்கு ஆஸ்திரிய மன்னர் பெயர் வந்தது எப்படி?

கேள்வி இதுதான்: "தென்துருவத்துக்குப் போட்டி போட்ட ஸ்காட், அமுண்ட்சென் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் வட துருவத்துக்குப் பக்கத்தில், ரஷ்யாவுக்குச் சொந்தமான ஒரு தீவுக்கூட்டத்துக்கு ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பெயர் இருக்கிறதே, அது எப்படி? அங்கே முதலில் போனது யார், அப்புறம் யார் யார் போனார்கள்?"

நல்ல கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், 1873-இல் பனியில் மாட்டிக்கொண்ட ஓர் ஆஸ்திரிய-ஹங்கேரியக் கப்பலை அந்தப் பனியே இழுத்துக்கொண்டுபோய் அங்கே விட்டது. அவர்கள் தேடிப் போகவில்லை. விரிவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. நான் பல வருஷமாக இந்தத் தீவுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன், அதில் என் மனதில் ஆழமாக நின்றது ஒன்று உண்டு: அங்கேயிருந்து உயிரோடு திரும்பியவர்களில் பலர் தமக்கு முன்னால் வந்தவர் விட்டுப்போன ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பினார்கள். ஒரு மரவீடு, ஒரு வரைபடம், ஒரு புத்தகம். அதே போல முன்னால் வந்தவர் வரைபடத்தில் தப்பாகப் போட்ட ஒரு கோடு, பின்னால் வந்தவரை மாதக்கணக்கில் அலைக்கழித்ததும் உண்டு.

முதலில் இடம் எங்கே என்று பார்த்துவிடுவோம். நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குக் கிழக்கே, ரஷ்யாவின் நோவயா செம்லியா தீவுகளுக்கு வடக்கே, ஏறத்தாழ 80 டிகிரி முதல் 82 டிகிரி வட அட்சரேகை வரை பரவிக் கிடக்கும் 192 தீவுகள். மொத்தம் சுமார் 16,000 சதுர கிலோமீட்டர், அதில் 85 சதவீதத்துக்கு மேல் பனியாறு மூடியது. வடகோடியில் ருடால்ஃப் தீவு. அதன் முனையான கேப் ஃப்ளிகெலியிலிருந்து துருவம் 900 கிலோமீட்டர்தான். இங்கே எந்தக் காலத்திலும் பூர்வகுடிகள் வாழ்ந்ததில்லை. கிரீன்லாந்திலோ அலாஸ்காவிலோ போன வெள்ளைக்காரர்களுக்கு இன்யூட் மக்களிடம் கேட்டுக்கற்க வழி இருந்தது. இங்கே கேட்க ஆள் கிடையாது. அதனால்தான் முன்னால் வந்தவர் விட்டுப்போனது இவ்வளவு முக்கியமாகிவிடுகிறது.

பார்க்கும் முன்னாலேயே இப்படி ஒரு நிலம் இருக்க வேண்டும் என்று ஊகித்தவர்கள் உண்டு. 1865-இல் ரஷ்யக் கடற்படை அதிகாரி நிகொலாய் ஷில்லிங், பேரன்ட்ஸ் கடலில் பனி நகரும் விதத்தைக் கவனித்து, வடக்கே ஏதோ நிலம் அதைத் தடுத்து நிறுத்துகிறது என்று எழுதினார். சில ஆண்டுகள் கழித்துக் குரோபொட்கின், பின்னால் அராஜகவாதத் தத்துவத்தால் உலகம் அறிந்த அதே குரோபொட்கின்தான், ரஷ்யப் புவியியல் கழகத்துக்காக இதையே எழுதினார். ஆனால் தேடிப் போகப் பணம் வரவில்லை.

1872 ஜூன் மாதம் ஜெர்மனியின் பிரெமர்ஹாஃபனிலிருந்து டெகெட்ஹாஃப் என்ற கப்பல் கிளம்பியது. 24 பேர். கடலில் தலைவர் கார்ல் வைப்ரெக்ட், தரையில் இறங்கினால் தலைவர் யூலியஸ் பையர் என்று ஏற்பாடு. செலவில் பெரும்பங்கு கொடுத்தவர் வில்செக் பிரபு. கப்பலாட்களில் பெரும்பாலோர் இன்றைய குரோஷியாவின் கரையோரத்துக்காரர்கள், வெதுவெதுப்பான ஏட்ரியாட்டிக் கடலில் வளர்ந்தவர்கள். வைப்ரெக்ட் அவர்களை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார், குளிர் பழகிவிடும், மனம் சோராமல் இருப்பதுதான் முக்கியம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகவே வந்தது.

சைபீரியாவுக்கு வடக்கே கிழக்கு நோக்கிப் போகும் கடல்வழியைத் தேடுவதுதான் திட்டம். ஆகஸ்ட் மாதமே நோவயா செம்லியா பக்கத்தில் பனி கப்பலைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் விடவே இல்லை. பனி எங்கே நகர்ந்ததோ அங்கே கப்பலும் நகர்ந்தது, ஒரு வருஷம். ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்கள், வெடிவைத்துப் பார்த்தார்கள். 1873 ஆகஸ்ட் 30 அன்று மதியம், மூடுபனி விலகியபோது வடமேற்கே மலைகள் தெரிந்தன. தங்கள் சக்கரவர்த்தி பெயரை வைத்தார்கள். உங்கள் கேள்விக்கு இதுதான் விடை. ஆனால் பார்த்துவிட்டார்களே தவிர, காலை வைக்க முடியவில்லை, பனி அவர்களை இழுத்துக்கொண்டே போனது. நவம்பர் மாதம்தான், துருவ இரவு தொடங்கிய பிறகு, மங்கலான வெளிச்சத்தில் வில்செக் தீவில் இறங்கினார்கள்.

1874 வசந்தத்தில் பையர் சறுக்குவண்டியில் வடக்கே கிளம்பினார். மிட்டென்டார்ஃப் பனியாற்றின்மேல் போய்க்கொண்டிருக்கும்போது சனினோவிச் என்ற மாலுமி, நாய்கள், வண்டி எல்லாம் ஒரு பிளவுக்குள் விழுந்துவிட்டன. பையரும் அதே கயிற்றில்தான் பிணைந்திருந்தார், விளிம்புவரை இழுபட்டு நின்றார். வேறு வழியில்லாமல் கயிற்றை அறுத்தார். வண்டி உள்ளே ஒரு திட்டில் சிக்கி நின்றது. கீழேயிருந்து சனினோவிச் குரல் கேட்டது. பின்தங்கிய ஆட்கள் இருந்த முகாம் பத்து கிலோமீட்டர்போலத் தள்ளி. பையர் வேகமாக ஓட வேண்டும் என்பதற்காகத் தன் கனத்த உடுப்பையும் பூட்ஸையும் கழற்றி எறிந்துவிட்டு, காலுறையோடு பனியில் ஓடினார். பல மணி நேரம் கழித்து ஆட்களோடும் கயிற்றோடும் திரும்பி வந்து பார்த்தால் சனினோவிச் உயிரோடு இருந்தார். டைரோல் மலைக்காரரான யோஹான் ஹாலர் கயிற்றில் இறங்கி அவரையும் நாய்களையும் மேலே ஏற்றினார். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஏப்ரல் 12 அன்று பையர் கேப் ஃப்ளிகெலியில் நின்றார். அங்கிருந்து வடக்கே பார்த்தபோது தூரத்தில் மேலும் இரண்டு நிலங்கள் தெரிந்ததாக எழுதி, வரைபடத்தில் போட்டார். ஒன்று பீட்டர்மன் நிலம், மற்றது மன்னர் ஆஸ்கர் நிலம். இரண்டும் கிடையாது. துருவப் பகுதியில் பனித்திட்டும் மேகமும் வெளிச்சமும் சேர்ந்து கண்ணுக்குக் காட்டும் மாயை. பையர் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் வரைந்தார். ஆனால் அந்தக் கோடுகள் முப்பது நாற்பது வருஷம் மற்றவர்களைத் துரத்தின. இதை நினைவில் வையுங்கள்.

கப்பலைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததும் மே 20 அன்று அதை விட்டுவிட்டு, படகுகளைப் பனிமேல் இழுத்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். இவர்கள் தெற்கே இழுக்க, தென்காற்று பனியை வடக்கே தள்ளியது. இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து இழுத்த பிறகு கணக்குப் பார்த்தால், விட்டுவந்த கப்பலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான் வந்திருக்கிறார்கள். அந்த நிலையில் 23 பேரையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்த வைப்ரெக்டை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை. ஆகஸ்ட் நடுவில் காற்று திரும்பித் திறந்த கடல் கிடைத்தது. நோவயா செம்லியா கரையில் வொரோனின் என்ற ரஷ்ய மாலுமியின் பாய்மரக் கப்பல் இவர்களை ஏற்றிக்கொண்டது. காசநோயால் இறந்த எஞ்சினியர் ஓட்டோ கிரிஷ் ஒருவர்தான் வில்செக் தீவில் புதைக்கப்பட்டார், மற்ற எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

வியன்னாவில் பெருங்கூட்டம் வரவேற்றது. கொஞ்ச நாளில் சந்தேகப் பேச்சும் கிளம்பியது, பையர் மனம் வெறுத்து ராணுவத்தைவிட்டு விலகி ஓவியரானார். வைப்ரெக்ட் வேறு வழியில் போனார். ஆளுக்கு ஆள் போட்டி போட்டு வடக்கே ஓடி ஒரு டிகிரி கூடுதலாகத் தொடுவதால் அறிவியலுக்கு என்ன லாபம், எல்லா நாடுகளும் சேர்ந்து ஒரே நேரத்தில் துருவத்தைச் சுற்றி நிலையங்கள் வைத்து ஒரே முறையில் அளவெடுக்க வேண்டும் என்று வாதாடினார். 1882-83-இல் முதல் சர்வதேசத் துருவ ஆண்டு நடந்தது அவர் போட்ட விதையால். அதைப் பார்க்காமல் 1881-இல் காசநோயில் இறந்துபோனார்.

அடுத்து பெஞ்சமின் லீ ஸ்மித். இவர் பெயர் இன்று அதிகம் பேருக்குத் தெரியாது, அது எனக்கு வருத்தம். சொந்தப் பணத்தில் போன ஆங்கிலேயர், விளம்பரமே பிடிக்காது. 1880-இல் எய்ரா என்ற தன் கப்பலில் போய் மேற்குத் தீவுகளைக் கண்டு வரைந்துவிட்டு வந்தார். மறு வருஷம் மறுபடி போனபோது ஆகஸ்ட் 21 அன்று, நார்த்புரூக் தீவின் கேப் ஃப்ளோரா பக்கத்தில், பனி எய்ராவை நசுக்கி மூழ்கடித்தது. 25 பேர் கரையில். கல்லும் புல்தரையும் வெட்டியெடுத்துச் சுவர் வைத்து, பாய்மரத் துணியைக் கூரையாகப் போட்டு ஒரு குடிசை கட்டினார்கள். வால்ரஸ் என்ற தந்தமுள்ள பெரிய கடல்விலங்கு, துருவக் கரடி, கடற்பறவை, இதுதான் பத்து மாதச் சாப்பாடு. புது இறைச்சி விடாமல் தின்றதால், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் ஒருவருக்கும் வரவில்லை. 1882 ஜூன் 21 அன்று நான்கு படகில் கிளம்பினார்கள், மேசைவிரிப்பையும் சட்டைகளையும் தைத்துப் பாயாகக் கட்டிக்கொண்டு. ஆகஸ்டில் நோவயா செம்லியா கரையில் தேடிவந்த கப்பல் அவர்களைக் கண்டது. 25 பேரும் உயிரோடு. கப்பலை இழந்து, ஒரு குளிர்காலத்தை இப்படிக் கடத்தி, ஒரு உயிர்கூடப் போகாமல் திரும்புவது அந்தக் காலத்தில் அபூர்வம். இதைவிட மோசமாகத் தோற்றவர்களுக்கெல்லாம் சிலை இருக்கிறது.

கேப் ஃப்ளோரா என்ற பெயரைக் கவனியுங்கள். இனி எல்லோரும் அங்கேதான் வந்து சேரப்போகிறார்கள். தெற்குப் பார்த்த மலைச்சரிவு, மேலே ஆயிரக்கணக்கில் பறவைகள், அவற்றின் எச்சத்தால் பச்சைப் பாசியும் புல்லும், கோடையில் கப்பல் நெருங்க ஓரளவு வழி. அந்தத் தீவுகளில் மனிதன் தங்கத் தோதான இடம் அதுதான்.

1894-இல் அங்கே வந்து ரஷ்யாவில் செய்த மரவீட்டை நிறுத்தியவர் ஃபிரெடெரிக் ஜாக்சன். பத்திரிகை முதலாளி ஹாம்ஸ்வொர்த் கொடுத்த பணம். பையர் வரைபடத்தை நம்பி, இந்த நிலம் துருவம் வரைக்கும் நீண்டு போகலாம், தரைவழியாகவே துருவத்துக்குப் போய்விடலாம் என்று வந்தார். மூன்று வருஷம் நடந்து அளந்ததில், இது ஒரு கண்டமே அல்ல, சின்னச் சின்னத் தீவுகளின் கூட்டம் என்று தெரிந்தது. வந்த காரியம் நடக்கவில்லை, ஆனால் அந்த மரவீடு பல உயிர்களைக் காப்பாற்றியது.

முதலில் காப்பாற்றியது நான்சென், யோஹான்சென் இருவரை. நார்வேக்காரரான நான்சென், டெகெட்ஹாஃப் தெரியாமல் செய்ததைத் தெரிந்தே செய்தார். பனி நசுக்கினால் மேலே வழுக்கி எழும்படி அடிப்பாகம் உருண்டையான ஃபிராம் என்ற கப்பலைக் கட்டி, வேண்டுமென்றே பனியில் மாட்டிக்கொண்டு நகர்ந்தார். 1895 மார்ச் 14 அன்று அவரும் யோஹான்செனும் கப்பலை விட்டு, நாய்களோடு துருவம் நோக்கி நடந்தார்கள். ஏப்ரல் 8 அன்று 86 டிகிரி 14 நிமிடத்தில் திரும்பினார்கள். அதுவரை எந்த மனிதனும் அவ்வளவு வடக்கே போனதில்லை.

திரும்பும் வழியில் ஒரு சின்னத் தப்பு. களைப்பில் இருவருமே கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டார்கள், இரண்டும் நின்றுபோயின. நேரம் சரியாகத் தெரியாவிட்டால் தீர்க்கரேகை தெரியாது. கையில் இருந்தது பையரின் வரைபடம். அதில் இருந்த பீட்டர்மன் நிலம் எங்கேயும் வரவில்லை. ஜூலை 24 அன்று கடைசியாக நிலம் தெரிந்தபோது, அது எந்த நிலம் என்றே அவர்களால் சொல்ல முடியவில்லை. முதலில் தெரிந்த தீவுகளில் இரண்டுக்கு நான்சென் மனைவி எவா, மகள் லிவ் பெயர்களை வைத்தார். பின்னால் பார்த்தால் இரண்டும் ஒரே தீவு, இன்று வரைபடத்தில் அதன் பெயர் எவா-லிவ். கடைசியாக மிஞ்சியது இரண்டு நாய்கள். கயாக் என்ற குறுகலான சின்னப் படகில் ஏற்றிக்கொண்டுபோக முடியாது. தான் வளர்த்ததைத் தானே சுட மனம் வராமல், ஒருவர் நாயை மற்றவர் சுட்டார்கள்.

இன்றைக்கு ஜாக்சன் தீவு என்று பெயர் உள்ள இடத்தில், ஆகஸ்ட் கடைசியில், குளிர்காலத்துக்கு ஒரு குழி தோண்டினார்கள். மண்வெட்டி கிடையாது. வால்ரஸின் தோள்பட்டை எலும்பை ஒரு கழியில் கட்டி மண்வெட்டி, வால்ரஸ் தந்தத்தைக் கட்டிக் கோடரி. மூன்றடிக் குழி, மேலே கல் சுவர், கடல் அடித்துவந்த ஒரே ஒரு மரக்கட்டை முகட்டுக்கு, அதன்மேல் வால்ரஸ் தோல். உள்ளே கொழுப்பு விளக்கு. எட்டு மாதத்துக்கும் மேல் அந்தப் பொந்தில். காலையில் கரடி சூப், ராத்திரி கரடி வறுவல். ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடத் தூங்கினார்களாம். சட்டையில் ஊறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கத்தியால் சுரண்டி, அதையும் விளக்கில் போட்டு எரித்தார் நான்சென். வெளியே வரும்போது அவர் எடை சுமார் பத்துக் கிலோ கூடியிருந்தது. அந்தப் புத்தாண்டு இரவில்தான், ஒரே தூக்கப்பையில் படுத்திருந்த இருவரும் 'நீங்கள்' என்பதை விட்டு 'நீ' என்று பேசலாமா என்று நான்சென் கேட்டதாகச் சொல்வார்கள். நமக்கு இது நன்றாகவே புரியும், யாரிடம் எப்போது 'நீ'க்கு மாறுவது என்பது நம் மொழியிலும் சின்ன விஷயம் இல்லை.

1896 மே மாதம் தெற்கே கிளம்பினார்கள். ஜூன் 12 அன்று கரையில் ஏறிச் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டிருந்தபோது, கட்டிவைத்த இரண்டு கயாக்கும் கயிறு அறுந்து மிதந்து போய்விட்டன. துப்பாக்கி, சாப்பாடு, எல்லாம் அதில். நான்சென் உறைநீரில் குதித்து நீந்தினார். கை கால் மரத்துப்போய், இனி ஏற முடியாது என்ற நிலையில் எப்படியோ ஒரு காலைப் போட்டு ஏறினார். கரைக்குத் துடுப்புப் போட்டு வரும் வழியில் நடுங்கிக்கொண்டே இரண்டு பறவைகளையும் சுட்டு எடுத்துக்கொண்டார், ராத்திரிச் சாப்பாட்டுக்கு.

ஐந்து நாள் கழித்து, ஜூன் 17 காலை, நாய் குரைக்கும் சத்தம். நான்சென் பனிச்சறுக்குக் கட்டையைக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், சுத்தமாகச் சவரம் செய்து கட்டம்போட்ட உடையில் ஓர் ஆங்கிலேயர் நிற்கிறார், ஜாக்சன்தான். எதிரே கரியும் கொழுப்பும் படிந்து, முடி தோளில் தொங்க ஓர் உருவம். கைகுலுக்கி, கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் "நீங்கள் நான்சென் அல்லவா?" என்று ஜாக்சன் கேட்டார். இதே ஜாக்சன் ஃபிராமில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு, நார்வேக்காரர் இல்லை என்பதால் மறுக்கப்பட்டவர். ஆனாலும் ஒருவேளை நான்சென் இந்தப் பக்கம் வந்தால் கொடுக்கலாம் என்று, நார்வேயிலிருந்து வந்த கடிதங்களைத் தகரப்பெட்டியில் முத்திரைவைத்துப் பத்திரமாக வைத்திருந்தார். அதை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் எல்லோரும் சுகம். அந்த மரவீடு அங்கே இல்லாமல் இருந்திருந்தால், அந்த இருவரும் இரண்டு சின்னக் கயாக்கில் ஸ்பிட்ஸ்பெர்கனுக்குக் கடலைக் கடக்க முயன்றிருப்பார்கள்.

அடுத்த சில வருஷங்களை வேகமாகச் சொல்கிறேன், ஒன்றைத் தவிர. அமெரிக்கர் வெல்மன் 1898-இல் வந்தார். முன்னணிக் குடில் ஒன்றில் குளிர்காலம் முழுக்கச் சாமான்களைக் காக்க இரண்டு நார்வேக்காரர்களை விட்டுவைத்தார், பால் பியோர்விக், பெர்ன்ட் பென்ட்சென். பென்ட்சென் ஃபிராமிலும் இருந்தவர். 1899 ஜனவரி 2 அன்று அவர் இறந்துபோனார். இறக்கும் முன், தன் உடலைக் கரடியும் நரியும் தின்ன வெளியே விட்டுவிடாதே என்று கேட்டிருந்தார். பியோர்விக் வாக்குக் கொடுத்தார். பிப்ரவரி கடைசியில் வெல்மன் வந்து சேரும்வரை, அந்த இருட்டில், அந்தச் சின்னக் குடிலுக்குள், நண்பனின் உறைந்த உடலுக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்தார். அதற்குப் பிறகும் அவர் துருவப் பயணங்களை விடவில்லை, அன்டார்டிகாவரை போனார். தலைவர்களின் பெயர்களையே திரும்பத் திரும்பச் சொல்லும் நாம் இவர் பெயரையும் சொல்ல வேண்டும்.

1899-1900-இல் இத்தாலிய இளவரசர் அப்ரூசிப் பிரபு ருடால்ஃப் தீவின் டெப்லிட்ஸ் விரிகுடாவில் தங்கினார். உறைகுளிர் தாக்கி அவருக்கு விரல்கள் போயின, எனவே உம்பெர்டோ காக்னி தலைமையில் ஆட்கள் வடக்கே போய் 86 டிகிரி 34 நிமிடத்தைத் தொட்டார்கள், நான்செனைவிடக் கொஞ்சம் கூடுதல். வழியில் திருப்பி அனுப்பப்பட்ட மூவர் வந்து சேரவே இல்லை. பேக்கிங் பவுடர் வியாபாரத்தில் பணம் சேர்த்த அமெரிக்கர் சீக்லர், துருவத்துக்கு இரண்டு குழுக்களை அனுப்பினார். இரண்டும் துருவத்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனால் நல்ல வரைபடங்கள் செய்தார்கள், கேப் ஃப்ளோராவில் நிறையச் சாப்பாட்டுப் பெட்டிகளை விட்டுப்போனார்கள். 1905-இல் அவர்களை மீட்டுவந்த டெரா நோவா கப்பல்தான் பின்னால் ஸ்காட்டை அன்டார்டிகாவுக்குக் கொண்டுபோனது.

சரி, 1914-க்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்த வரலாறு முழுக்க வந்து முட்டி நிற்கும் வருஷம் அதுதான்.

அந்த நேரத்தில் இரண்டு ரஷ்யக் கப்பல்கள் அந்தப் பக்கம் இருந்தன. ஒன்று கியோர்கி செடோவின் ஃபோகா. செடோவ் அசோவ் கடற்கரை மீனவக் குடும்பத்தில் பிறந்து, சொந்த உழைப்பில் கடற்படை அதிகாரியானவர். துருவத்தில் ரஷ்யக் கொடி நட வேண்டும் என்று, ஆயத்தம் பாதியில் இருக்கும்போதே 1912-இல் கிளம்பிவிட்டார். இரண்டாவது குளிர்காலம் ஹூக்கர் தீவின் டிகாயா விரிகுடாவில். நிலக்கரி தீர்ந்து, ஸ்கர்வியில் பாதி ஆட்கள் படுத்திருக்க, அவரே நிற்க முடியாத நிலையில் 1914 பிப்ரவரி 15 அன்று இரண்டு மாலுமிகளோடு துருவம் நோக்கிப் புறப்பட்டார். பயணத்தின் பிற்பகுதியில் வண்டியில் கட்டித்தான் கொண்டுபோனார்கள். மார்ச் 5 அன்று ருடால்ஃப் தீவுக்குப் பக்கத்தில் இறந்தார். இருவரும் அவரைக் கல் அடுக்கி மூடி, துருவத்தில் நட எடுத்துவந்த கொடிக்கம்பத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அவர் போயிருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். உடன் இருந்தவர்களும் தடுத்துப் பார்த்தார்கள். ஆனாலும் அந்த மனிதனை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு கப்பல் புருசிலோவின் அன்னா. 1912-இல் கிளம்பி, யமால் கரையோரம் பனியில் மாட்டி, டெகெட்ஹாஃப் மாதிரியே வடக்கே இழுபட்டுக்கொண்டே போனது. அதில் எர்மினியா ஜ்தான்கோ என்ற இளம்பெண்ணும் இருந்தார், செவிலியாக. ஒன்றரை வருஷம் கழித்து 83 டிகிரி வடக்கில், கப்பலின் மாலுமி-வழிகாட்டி அல்பானோவ், இன்னும் பதின்மூன்று பேரோடு இறங்கி நடக்கத் தீர்மானித்தார். மூன்று பேர் பாதியில் கப்பலுக்கே திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். அவர்களிடம் அந்தத் தீவுகளின் கடல்வரைபடம் கிடையாது. கப்பலில் இருந்த நான்சென் புத்தகத்தில் ஒரு வரைபடம் இருந்தது, அல்பானோவ் அதைப் பார்த்து ஒன்று வரைந்துகொண்டார். கேப் ஃப்ளோராவில் ஜாக்சன் கட்டிய வீடு உண்டு என்று அவருக்குத் தெரிந்ததும் அந்தப் புத்தகத்தால்தான்.

பனிவெளிச்சம் கண்ணைக் குருடாக்கும் என்பதால் கறுப்புப் பாட்டில் கண்ணாடியை வெட்டிக் கண்ணாடி செய்து போட்டுக்கொண்டார்கள். பையர் போட்ட மாய நிலங்கள் இருக்க வேண்டிய இடத்தைக் கடந்து வந்தார்கள், வெறும் பனிக்கடல். ஒருவர் முன்னால் வழி பார்க்கப் போய்க் காணாமல் போனார். இரண்டு பேர் நல்ல சாமான்களையெல்லாம் எடுத்துக்கொண்டு இரவில் ஓடிப்போனார்கள். பிடித்தால் சுட்டுவிடுவேன் என்று அல்பானோவ் கொதித்தார். நிலத்தைத் தொட்ட பிறகு அவர்களே வந்து மன்னிப்புக் கேட்டபோது, மன்னித்துவிட்டார். அதன் பிறகு கரையோரம் நடந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள், ஒரு கயாக்கில் வந்த இருவரைப் புயல் கொண்டுபோனது. 1914 ஜூலை 22 அன்று கேப் ஃப்ளோராவில் கால் வைத்தது அல்பானோவும் கொன்ராட் என்ற மாலுமியும் மட்டுமே. பதினொன்றில் இரண்டு. ஜாக்சன் வீடு இருந்தது. சீக்லர் ஆட்கள் விட்டுப்போன பிஸ்கட் இருந்தது.

பதினோரு நாள் கழித்து, ஆகஸ்ட் 2 அன்று, கடலில் ஒரு கப்பல். அது ஃபோகா. செடோவ் இறந்தபின் ஊர் திரும்ப எரிபொருள் இல்லாமல், ஜாக்சன் கட்டடங்களைப் பிரித்து விறகாக்க வந்திருந்தது. விறகுக்காக வந்த கப்பல்தான் இந்த இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது. முந்தின நாள்தான் ஜெர்மனி ரஷ்யா மேல் போர் அறிவித்திருந்தது, அது அங்கே யாருக்கும் தெரியாது. ஊருக்கு வந்தால் உலகம் யுத்தத்தில் இருக்கிறது, இவர்கள் கதையைக் கேட்க ஆள் இல்லை. அன்னா கப்பலையும், ஜ்தான்கோவையும், மிச்சப் பேரையும் அதன்பின் யாரும் பார்க்கவில்லை. 2010-இல், இந்தத் தீவுகளில் ஒன்றான ஜார்ஜ் நிலத்தின் கரையில் தேடிய ரஷ்யக் குழு ஒருவரின் எலும்புகளையும், நாட்குறிப்புத் தாள்களையும், ஒரு கறுப்புக் கண்ணாடியையும் கண்டெடுத்தது. அல்பானோவ் எழுதியிருந்த அதே மாதிரிக் கண்ணாடி.

ரஷ்யா எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செடோவைத் தேடிவந்த இஸ்லியாமோவ் 1914 ஆகஸ்ட் கடைசியில் கேப் ஃப்ளோராவில் ரஷ்யக் கொடியை ஏற்றினார். அதே தேடலில்தான் யான் நகுர்ஸ்கி நோவயா செம்லியா கரையோரம் விமானம் ஓட்டினார், ஆர்க்டிக்கில் பறந்த முதல் விமானம் அது. ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசே 1918-இல் இல்லாமல் போனது, கேட்க யார் இருக்கிறார்கள்? 1926-இல் சோவியத் அரசு அந்தத் தீவுகள் தன்னுடையவை என்று அறிவித்தது, நார்வேயின் ஆட்சேபம் எடுபடவில்லை. 1929-இல் ஓட்டோ ஷ்மிட் தலைமையில் டிகாயா விரிகுடாவில், செடோவ் தங்கிய அதே இடத்தில், ஆய்வு நிலையம் வைத்தார்கள். பெயரை மட்டும் மாற்றவே இல்லை, அதனால்தான் இன்றும் பிரான்ஸ் ஜோசப்.

1931 ஜூலையில் கிராஃப் செப்பெலின் ஆகாயக்கப்பல் மேலே பறந்து படமெடுத்தது. டிகாயாவில் தண்ணீர்மேல் இறங்கி, அங்கே நின்ற பனியுடைக்கும் கப்பலோடு தபால் மாற்றிக்கொண்டது. மேலேயிருந்து பார்த்ததில் வரைபடத்தில் இருந்த சில தீவுகள் இல்லை. இல்லாமல்போனவற்றில் ஒன்று ஹாம்ஸ்வொர்த் தீவு, ஜாக்சனுக்குப் பணம் கொடுத்தவர் பெயரில் வைத்தது. நடந்து பார்த்தவர்கள் அறுபது வருஷத்தில் வரைந்ததைத் திருத்த அந்தக் கப்பலுக்குச் சில நாள் போதுமானதாக இருந்தது. 1937 மே மாதம் ருடால்ஃப் தீவிலிருந்து கிளம்பிய விமானங்கள் துருவத்திலேயே இறங்கின. செடோவ் நாய்வண்டியில் போகப் பார்த்த தூரம், சில மணி நேரம்.

யுத்தக் காலத்தில், 1943-44-இல், ஜெர்மானியர்கள் அலெக்சாந்திரா நிலத்தில் ரகசியமாக ஒரு வானிலை நிலையம் வைத்திருந்தார்கள். கரடி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் தின்றதால் டிரிகினெல்லாப் புழு தொற்றி, படுத்த படுக்கையாகி, விமானம் வந்து தூக்கிப்போக வேண்டியதாயிற்று. லீ ஸ்மித்தின் ஆட்களும் நான்செனும் மாதக்கணக்கில் கரடிதான் தின்றார்கள், அடுப்பில் வைத்து. அதே தீவில் இன்றைக்கு ரஷ்ய ராணுவத் தளம், நகுர்ஸ்கி பெயரில்.

கடைசியாக ஒன்று. செடோவின் உடலோடு விட்டுவந்த கொடிக்கம்பத்தை 1938-இல் ருடால்ஃப் தீவில் இருந்த நிலையத்து ஆட்கள் கண்டெடுத்தார்கள். 1977 ஆகஸ்ட் 17 அன்று ஆர்க்டிகா என்ற அணுசக்திப் பனியுடைப்புக் கப்பல், நீர்மேல் ஓடும் கப்பல்களில் முதலாவதாகத் துருவத்தை அடைந்தபோது, அந்தக் கம்பத்தைக் கூடவே கொண்டுபோய் அதில்தான் கொடி ஏற்றினார்கள். அந்தக் கப்பலின் கேப்டன் பெயர் யூரி குச்சியேவ். இந்த நூற்றாண்டில் பனியாறு உருகிப் பின்வாங்கியதில் கேப் ஃப்ளோரா இருக்கும் நார்த்புரூக் தீவு இரண்டாகப் பிரிந்து, நடுவில் கடல் வந்துவிட்டது. பிரிந்துபோன கிழக்குத் துண்டுக்கு இப்போது வைத்திருக்கும் பெயர், யூரி குச்சியேவ் தீவு.